ஆறு புள்ளி போதும் என்ற இயந்திரம்

கணினி அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்.

உங்கள் முன்னால் மேடையேறிப் பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேடையில் பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு, ஐந்தாவது நிமிஷமே துண்டுச்சீட்டு அனுப்புவார்கள். எனக்கு அது கட்டாது. அதனால் எழுதித் தருகிறேன். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குச் சும்மா உட்காரும் நேரம் நிறைய இருக்கும். அப்போது படியுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் உருளைக்கிழங்கு தோண்டி, பூண்டு காயப்போட்டு வளர்ந்தவன். ஆங்கில எழுத்தை உர மூட்டையைப் பார்த்துக் கற்றவன். அட்டுவம்பட்டியில் இந்தக் கணித மையத்துக்குக் கட்டடம் எழும்பியபோது கல் சுமக்க வந்தேன். கட்டி முடித்ததும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். அப்புறம் கணினிகளைத் துடைக்கச் சொன்னார்கள். துடைக்கும்போது இது என்ன செய்கிறது, அது என்ன செய்கிறது என்று கேட்டேன். கேட்டதை ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். சில வருஷத்தில், நான் உட்காராமல் அந்த அறையில் ஒரு கணக்கும் ஓடாது என்ற நிலைமைக்குக் கொண்டுவந்தேன். பெரிய பட்டம் வாங்கியவர்கள் என் கதவருகே நின்று, "அண்ணே, நம்ம கணக்கு எப்பங்க முடியும்" என்று கேட்டிருக்கிறார்கள். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது, எந்த நிரலை எங்கே வைப்பது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட வெரசா கற்றுக்கொள்வீர்கள். இயந்திரம் விடை கொடுத்துவிட்டது, சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது என்ற ஒரு நேரம் வரும். அதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லை. அதற்காகத்தான் தவமணியின் கதை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் மையத்தில் பாதிப் பேர் செய்கிற வேலை புள்ளிகளின் தரம் கண்டுபிடிப்பதுதான். அதை எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால் உங்களுக்கும் புரியும்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறி வருகிற மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்து வளைந்து ஆகாயத்தில் ஒரு கோடு மாதிரி போகிறது. அதிலே இல்லாமல், பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் ஒரு பட்டம் நிற்கிறது என்று வையுங்கள். பாதையில் ஏதாவது இரண்டு இடத்தைப் பிடித்து, இரண்டு பக்கமும் எவ்வளவு தூரமும் நீளும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால், பட்டம் அந்தக் கயிற்றில் வந்து உட்காருமா? உட்கார்ந்தால் பட்டத்தின் தரம் இரண்டு. எந்த இரண்டு இடத்தைப் பிடித்தாலும் உட்காரவில்லை, மூன்று இடத்தைப் பிடித்துத் தார்ப்பாய் மாதிரி விரித்தால்தான் அதன்மேல் படுகிறது என்றால் தரம் மூன்று. பாதைக்குப் பதிலாக, இவர்கள் வெரைட்டி என்று சொல்கிற பெரிய பெரிய பரப்பு வரும், நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் திசைகள் வரும். ஆனால் கேள்வி அதேதான். இந்தப் புள்ளியைப் பிடித்து நிறுத்தப் பரப்பிலிருந்து குறைந்தபட்சம் எத்தனை புள்ளி வேண்டும்?

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கொண்டைஊசி வளைவில் திரும்பாமல் ஒரு லாரி நேரே பாய்ந்துவிட்டது என்று நினையுங்கள். அது போகிற கோட்டில், தொடுகோடு என்பார்களே, அதில் பட்டம் நிற்கிறது. இப்போது வளைவில் பக்கத்துப் பக்கத்து இரண்டு இடத்தில் கயிறு கட்டினால் கயிறு பட்டத்துக்குக் கிட்டே போகும். இன்னும் நெருக்கமாகக் கட்டினால் இன்னும் கிட்டே போகும். நெருங்க நெருங்க இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஆனால் தொடாது. தொட வேண்டுமென்றால் இரண்டு இடமும் ஒரே இடமாக வேண்டும், ஒரே இடத்தில் கயிறு கட்ட முடியாது. அந்தப் பட்டத்துக்கு உண்மையான தரம் மூன்று. ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு போதும் போலத் தெரியும். அந்தப் பொய் இரண்டுக்கு எல்லைத் தரம் என்று பெயர். பொய் என்று நான் சொன்னால் தவமணிக்குக் கோபம் வரும். அதுவும் ஒரு உண்மைதான், வேறு உண்மை என்பாள்.

தவமணியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. வடகவுஞ்சிப் பக்கம் தோட்டத்தில் கூலி வேலை. அவள் படித்துப் படித்து மேலே ஏறி, டாக்டர் பட்டம் வாங்கி, நம் மையத்தில் தற்காலிக ஆராய்ச்சியாளராக வந்தாள். வந்த முதல் வாரமே என் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், மற்ற யாரும் உட்கார்ந்ததில்லை. கதவருகே நின்று கேட்பார்கள், வாங்கிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். குளிர்காலத்தில் விருந்தினர் எல்லாரும் ஊருக்குப் போனபிறகு, வாரக்கணக்கில் அந்த அறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்வேன். மன்னவனூரில் தம்பி குடும்பம் இருக்கிறது. பண்டிகைக்குப் போனால் சாப்பாடு போட்டுவிட்டு, "எப்பண்ணே கெளம்புறீங்க" என்று கேட்பார்கள்.

தவமணி சாயங்காலம் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவருவாள். எல்லைத் தரம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். லாரி உதாரணம் மட்டும் என்னுடையது. அதைக் கேட்டுவிட்டு அவள், "டிரைவர் என்னண்ணே ஆனாரு?" என்று கேட்டாள். டிரைவர் குதித்துத் தப்பித்துவிட்டார் என்றேன். அப்படியானால் சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கென்று ஒரு புள்ளி இருந்தது. படிப்பு முடிந்ததிலிருந்து அதன் பின்னாலேயே இருந்தாள். அதைப் பிடித்து நிறுத்த ஐந்து புள்ளி போதாது என்று அவள் ஏற்கெனவே நிரூபித்திருந்தாள். ஆறு போதுமா என்பதுதான் பாக்கி. போதும் என்றால் அவள் தேற்றம் முழுமையடையும். அந்தச் சமயத்தில் கீழே சமவெளியில் ஒரு பெரிய நிறுவனத்தில் நிரந்தர வேலைக்கு அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மையத்தில் அவளுடைய தற்காலிகப் பதவி அந்த மாதத்தோடு முடிகிறது. கையில் முழுத் தேற்றம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் அரைத் தேற்றத்தோடு போய் அரைப் பேச்சுப் பேச வேண்டும். அவள் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. கொழுந்தோ காபிப்பழமோ எதுவும் இனி பறிக்க முடியாது. அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடே இருந்தது.

ஆறு புள்ளியை எங்கேயாவது வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அவளுடைய புள்ளிக்கு இன்னும் எவ்வளவு இடைவெளி என்கிற பிழை குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் இயந்திரத்தின் வேலை. எங்கே தொடங்கினால் இறங்கும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். என் கைக்குத் தெரியும். எவ்வளவோ இடத்தில் தொடங்கிப் பார்த்து எல்லாம் பாதியில் நின்றபோது, ஒரு தொடக்கம் மட்டும் நிற்காமல் இறங்கியது. காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் பிழை, ஊசிமுனையில் ஒட்டிய தூசியைவிடச் சின்னதாகிவிட்டது.

நான்தான் அறைக்கு வெளியே வந்து சொன்னேன், ஆறு போதும் என்று. தவமணி படியில் உட்கார்ந்துவிட்டாள். மையத்தின் இயக்குநர் தன் அறையிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். சமையலறையிலிருந்த பாண்டி கேசரி கிண்டினான். அவனுக்கு நம் கணக்கு எல்லாமே கேலிதான். வெரைட்டி வெரைட்டி என்று வாய் கிழியப் பேசுகிறீர்கள், எலுமிச்சை சாதம் ஆக்கினால் மட்டும் மூஞ்சி சுளிக்கிறீர்கள் என்பான். அன்றைக்குக் கரண்டியோடு நின்று ஒரு அறிவிப்பு விட்டான்.

"ஆறு போதும்னு அண்ணே சொல்லிட்டாரு. அதனால முந்திரிப்பருப்பும் ஆளுக்கு ஆறுதான். ஏழாவது கேக்குறவன் நிரூபிச்சுட்டு வாங்கிக்க."

எல்லாரும் சிரித்தார்கள். தவமணி அவள் தட்டிலிருந்த முந்திரியை எடுத்து என் தட்டில் வைத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மலையில் எனக்கு அதைவிட நல்ல மத்தியானம் இருந்ததில்லை.

நேர்காணலுக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. தவமணி வடகவுஞ்சிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வெள்ளனே பழனி பஸ் பிடித்துக் கீழே இறங்குவதாக ஏற்பாடு. பேச்சில் காட்டும் படங்களைச் செய்து முடித்துவிட்டாள். ஆறு புள்ளிகளின் அட்டவணையை மட்டும் நான் அழகாகச் செய்து அவளுக்கு அனுப்ப வேண்டும்.

அட்டவணை பக்கத்தில் அடங்கவில்லை. எண்கள் நீளமாக இருந்தன, ஓரத்தைத் தாண்டி வெளியே போயின. எனக்கு எரிச்சல். சரி, தசமத்துக்கு அப்புறம் மூன்று இடத்தோடு வெட்டிவிடுவோம் என்று வெட்டினேன். அடங்கியது. அனுப்பப் போகும்போது பார்க்கிறேன், நாலாவது வரிசையும் ஐந்தாவது வரிசையும் ஒன்றேபோல இருக்கின்றன. ஒரே எண், ஒரே இடம். தவறிப்போய் ஒரே வரியை இரண்டு தரம் ஒட்டிவிட்டேனோ என்று அசலைத் திறந்தேன். இல்லை. இரண்டும் வேறு வேறு புள்ளிதான். மூன்று இடத்துக்கு மேல், நெடுந்தூரம் தள்ளித்தான் வித்தியாசம் தொடங்குகிறது.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எடை உண்டு. எந்தப் புள்ளி எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது என்ற கணக்கு. அந்த எடைப் பத்தியைப் பார்த்தேன். மற்ற நாலும் கைக்கு அடக்கமான எண்கள். இந்த இரண்டு மட்டும் மலையளவு. ஒன்றுக்குக் கூட்டல் குறி, மற்றதற்குக் கழித்தல் குறி. ஒன்று தள்ளுகிறது, மற்றது அதே பலத்தோடு இழுக்கிறது. நான் வெட்டிய மாதிரி வெட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, மிஞ்சுவது நாலு புள்ளிதான்.

இடிக்கிற நேரம் வரும் என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

பிழை இறங்கிய வரைபடத்தை மறுபடி பார்த்தேன். உண்மையான விடை கிடைக்கும்போது பிழை, படியிலிருந்து நழுவிய தேங்காய் மாதிரி திடுதிப்பென்று விழும். இது அப்படி விழவில்லை. பனிமூட்டம் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி, மெதுவாக, நிற்காமல், இன்னமும் இறங்கிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்தேன்.

இரண்டாவது இயந்திரத்தில் அதே தொடக்கத்தை, எடைக்குக் கடிவாளம் போட்டு ஓட்டினேன். எந்த எடையும் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று. பிழை கொஞ்ச தூரம் இறங்கிவிட்டு நின்றுகொண்டது. கடிவாளத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எவ்வளவு தளர்த்துகிறேனோ அவ்வளவுதான் இறங்கியது. இது நிஜமான ஆறு இல்லை, எல்லைத் தரம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இயக்குநரிடம் போனேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். தாள்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"நாளைக்கு இன்டர்வியூ. அது முடியட்டும். அப்புறம் நீங்க இத எடுத்துட்டு வாங்க. தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம், உலகத்துல எல்லாரும் திருத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்தப் பிள்ளைக்கு வேலை கெடைக்கட்டுமே."

"அவ மேடையில நின்னு சொல்லப்போறா சார்."

"அவளுக்குத் தெரியாதுல்ல. தெரியாம சொன்னா அது பொய்யில்ல. உங்களப் பொய் சொல்லச் சொல்லலண்ணே. ஒரு நாள் சும்மா இருங்கன்னுதான் சொல்றேன்."

ஒரு நாள் சும்மா இருப்பது. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சின்ன உதவி. நேர்காணல் குழுவில் யாரும் எடைப் பத்தியைக் கேட்கப் போவதில்லை. நான் மூன்று தசமத்துக்குக்கூட வெட்ட வேண்டாம், அட்டவணையே வேண்டாமென்று விட்டுவிட்டால் போதும். வேலை கிடைத்த பிறகு அவளே கண்டுபிடிப்பாள், அவளே திருத்துவாள். அப்படி விட்டுவிட எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

இந்த மையத்தைத் தொடங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். என்னை இயந்திரத்தைத் தொடவிட்டவர். தொடங்கின காலத்தில் ஒரு கணக்கு சுத்தமாகப் பூஜ்யம் வந்துவிட்டது என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். அவர் தாளை வாங்கவில்லை. யாருக்குச் சந்தோஷம், உனக்கா, கணக்குக்கா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. முகம் சுருங்கிப் போய்த் திரும்பி வந்தேன். பார்த்தால், உள்ளே கொடுத்த எண்களே எல்லாம் பூஜ்யம். இயக்குநர் அறையில் நின்றபோது அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. எனக்கு நினைவுக்கு வந்தது முந்திரிதான்.

தவமணிக்குப் போன் போட்டேன். எடுத்தாள். பின்னால் தாளிக்கிற சத்தம். அம்மா என்னவோ சொல்ல, இவள் சிரித்துக்கொண்டே, "என்னண்ணே, டேபிள் அனுப்பிட்டீங்களா?" என்றாள். அனுப்புகிறேன், சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். இந்த விஷயத்தைப் போனில் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டு வைத்தால், அவள் அதோடு தனியாக நிற்பாள். நேரே போய் நின்று சொல்ல வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் எதிரில் வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தாள்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் ஏறினேன். மழை. பெருமாள்மலை தாண்டியதும் மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. வெட்டி எடுக்கும்வரை பஸ் நின்றது. இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியதை நான் மறைக்கவில்லை. கண்டக்டர் வந்து, "என்னங்க பெருசு, துஷ்டிக்குப் போறீங்களா, மூஞ்சி அப்படிக் கெடக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாவு வீட்டுக்குப் போகிறவன் என்று நினைத்து, அவர் பாவம், தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் தவமணிக்குப் புரியவில்லை. அட்டவணையை நேரில் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். இதுக்குப் போயா மழையில் வந்தீங்க என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். அவள் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க தம்பி. இந்தப் பிள்ளை எந்நேரமும் உங்களப் பத்தித்தான் கதைக்கும். குந்துங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

கயிற்றில் இஸ்திரி போட்ட புடவை தொங்கியது. நேர்காணலுக்கு உடுத்திப் போக எடுத்து வைத்திருந்தது.

நான் தாள்களைக் கொடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த எதையும் சொல்ல வேண்டி வரவில்லை. எடைப் பத்தியில் அவள் விரல் நின்றது. நாலாவது வரிசை, ஐந்தாவது வரிசை. நான் ஒரு மணி நேரம் தடவித் தடவிக் கண்டுபிடித்ததை அவள் மூச்சுவிடும் நேரத்தில் பார்த்துவிட்டாள்.

"தொடுகோடு," என்றாள்.

ஆமாம் என்றேன். கடிவாளம் போட்டு ஓட்டிப் பார்த்ததைச் சொன்னேன். ஆறு போதாது தாயி என்றும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"அதையும் நீங்க சொல்ல முடியாதுண்ணே. ஒங்க மிஷினுக்குக் கெடைக்கல, அவ்வளவுதான். வேற எங்கயாச்சும் நெசமான ஆறு இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். நேத்து போதும்னீங்க. இன்னைக்குப் போதாதுங்கறீங்க. ரெண்டும் உங்க வாய்தான்."

அவள் சொன்னது சரி. இயந்திரம் தேடிக் கிடைக்கவில்லை என்பது, இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது. அந்த நிலைமையிலும் அவளுக்கு அது தெரிந்தது. 

தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"டைரக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"அவரு சொன்னத நீங்க கேட்டிருக்கலாம்லண்ணே. நாளன்னைக்கு வந்திருக்கலாம். நான் தெரியாம சொல்லிட்டு வந்திருப்பேன். இப்ப தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்? எனக்குத் தெரியாம இருக்கறதுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் குடுத்திருக்கலாம் நீங்க."

  நான் அன்றைக்கு ஒன்று சொன்னேன். "குழுவுல ஒருத்தன் எடையக் கேட்டா, நீ அங்க தனியா நிப்ப தாயி" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டதாக அல்ல, போதும் என்பதாக.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். என்ன பிள்ளை, கணக்கு பிசகிப் போச்சா என்று கேட்டார். இல்லம்மா, கொஞ்சம் மாத்தணும் என்றாள் தவமணி. நான் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் வரவில்லை. மடியில் கணினியை வைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

நேர்காணலில் அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஐந்து போதாது என்பது நிரூபணம். ஆறு புள்ளியை வைத்து எவ்வளவு கிட்டவும் போகலாம் என்று கணினி காட்டுகிறது. ஆறு போதுமா என்பது எனக்குத் தெரியாது என்றாளாம். அங்கே இருந்த ஒருவர், அப்படியானால் எங்களுக்குக் காட்ட உங்களிடம் முடிந்தது என்று எதுவும் இல்லையா என்று கேட்டாராம். இப்போதைக்கு இல்லை என்றாளாம். வேலை வேறொருவருக்குப் போனது. யாரும் அவளிடம் எடைப் பத்தியைக் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் போகாமல் இருந்திருந்தாலும் அவள் மாட்டியிருக்க மாட்டாள் என்பதை நான் தெரிந்துதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நான் செய்தது சரியா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சரி. மறுபடி நடந்தாலும் அதே பழனி பஸ் ஏறுவேன். மரம் விழுந்தால் இறங்கி நடப்பேன். நம் அறையிலிருந்து ஒரு எண் வெளியே போனால், அதைக் கையில் வாங்குகிறவன் அதன்மேல் ஏறி நிற்பான். அது தாங்காது என்று நமக்குத் தெரிந்த பிறகு, நல்ல மனசோடுகூட அவனை ஏறவிடக் கூடாது. இயந்திரம் ஆறு என்றால் பிழையை மட்டும் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள், எந்த இரண்டு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். கடிவாளம் போட்டு ஒரு தரம் ஓட்டாமல் அறைக்கு வெளியே வந்து வாயைத் திறக்காதீர்கள். கேசரி ஆறினாலும் பரவாயில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு, அதற்காக யாராவது உங்களோடு காபி குடிக்க வருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இயக்குநர் அதற்கப்புறம் என்னிடம் வேலை விஷயத்தைத் தவிர வேறு பேசவில்லை. பாண்டி கேலி செய்வதை நிறுத்திவிட்டான், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போவான். அந்தக் குளிர்காலம் முழுக்க, என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் கணினியிடம்தான் பேச வேண்டியிருந்தது.

தவமணி இப்போது கீழே ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஆறு போதாது, ஏழு வேண்டும் என்று பிற்பாடு அவளே நிரூபித்தாள். இயந்திரம் இல்லாமல், தாளில். நல்ல இதழில் வந்தது. முதல் பக்கம் எனக்கு முழுசாகப் புரிகிறது, இரண்டாவது பக்கத்தில் பாதி புரிகிறது. அது போதும் எனக்கு.

அவள் மையத்து அறையைக் காலி செய்ய வந்த நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

சாமான்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என் அறைக்கு வந்தாள். நான் வருவாள் என்று நினைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் அந்த முதல் கணக்கு, கடிவாளம் போடாதது, இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவே இல்லை. நாலாவது புள்ளியும் ஐந்தாவது புள்ளியும் அதற்குள் இன்னும் எவ்வளவோ நெருங்கியிருந்தன. எடை திரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் போயிக்கிட்டேவா இருக்கு?" என்றாள்.

"கரண்ட் இருக்குற வரைக்கும் போகும் தாயி."

"ரெண்டும் சேராதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஓட விட்டிருக்கீங்க?"

 அவள் என் பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் கையை நீட்டி அவளே நிறுத்தினாள். இயந்திரத்து மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பது கேட்டது.

"வர்றேண்ணே," என்று எழுந்தாள்.

போகிறவர்கள் எல்லாரும் வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் சரிம்மா என்றேன். ஆட்டோ அட்டுவம்பட்டி இறக்கத்தில் இறங்கி, பனிக்குள்ளே போகும்வரை வாசலில் நின்றேன். திரும்பி வந்து, நிறுத்திய இயந்திரத்தில் அடுத்தவருடைய கணக்கை ஏற்றினேன்.